எந்தப் பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

சேமிப்பைப் பற்றி ஒருவர் சொல்லித் தருவார், முதலீட்டைப் பற்றி இன்னொருவர், கடனைப் பற்றி வேறொருவர். தனித்தனியாகக் கேட்டுப் பழகியதால் மூன்றும் மூன்று பாடங்கள் என்றே மனதில் தங்கிவிடுகின்றன. கடன் அட்டையில் பெரிய பாக்கியை வைத்துக்கொண்டே மாதாமாதம் தவறாமல் பரஸ்பர நிதியில் பணம் போட்டு வருகிறவர்கள் நிறைய இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களை ஊதாரிகள் என்று சொல்லவே முடியாது. ஒழுங்காகச் சேமிக்கிறவர்கள்தான். ஆனால் வரவையும் கடனையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், ஒரு பக்கம் 10 சதவீதம் வரும் என்ற எதிர்பார்ப்பும் மறுபக்கம் 40 சதவீதம் நிச்சயமாகப் போவதும் பளிச்சென்று தெரியும்.

மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒரே பணம்தான். அதை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு வட்டி விகிதம் உண்டு. 18 சதவீத வட்டிக் கடனில் 1,000 அடைத்தால், அந்த ஆயிரத்துக்காக வருடம் கட்ட வேண்டிய 180 மிச்சமாகிறது. இந்த 180-க்காகச் சந்தை ஏற வேண்டியதில்லை, யாரும் லாபம் ஈட்ட வேண்டியதில்லை. இவ்வளவு உறுதியாக 18 சதவீதம் தரும் முதலீடு கிடைப்பது மிக அரிது. அதனால் எவ்வளவு சேமிப்பது என்ற கேள்விக்கு முன்னால், எந்தப் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்ற வரிசைக் கேள்விக்குப் பதில் வேண்டும். (எண்களுக்குப் பக்கத்தில் எந்த நாணயத்தின் பெயரையும் போடவில்லை. எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான்.)

கடனிலிருந்து பேச்சைத் தொடங்குவோம். அதிலும் கடன் அட்டை. மாதம் 3.5 சதவீதம் என்பது கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்து 12 மாதம் ஓடினால் அது வருடத்துக்கு 51 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாதா மாதம் வரும் பில்லில் இரண்டு தொகைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: மொத்த பாக்கி, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. கண்ணும் கையும் சின்னத் தொகையைத் தேடித்தான் போகும். அதை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு முறை பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாக்கி 1,00,000. வட்டி மாதம் 3.5 சதவீதம். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் வட்டி 3,500 சேர்ந்து பாக்கி 1,03,500 ஆகிறது. அதில் 5 சதவீதம், அதாவது 5,175 கட்டுகிறீர்கள். மீதி 98,325. கையை விட்டுப் போனது 5,175, கடனில் குறைந்தது 1,675 மட்டும். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்ததால் குறைந்தபட்சத் தொகையும் கொஞ்சம் குறைகிறது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். இப்படியே போனால் கடன் பாதியாகக் குறையவே 41 மாதம் பிடிக்கும். அதற்குள் மொத்தமாகக் கட்டியிருப்பது 1,54,000-க்கும் மேல். இன்னும் 50,000 பாக்கி நிற்கும். இது அட்டையில் புதிதாக எதுவுமே வாங்காமல் இருந்தால் வரும் கணக்கு.

இப்போது ஒரே ஒரு மாற்றம். முதல் மாதம் கட்டிய அதே 5,175-ஐ, பில்லில் என்ன குறைந்திருந்தாலும் கண்டுகொள்ளாமல், மாதாமாதம் கட்டுங்கள். 33-வது மாதம் கடன் பூஜ்யம். கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை, முதல் மாதத்தைவிட ஒரு காசுகூட அதிகம் கட்டவில்லை. குறைந்துகொண்டே வரும் குறைந்தபட்சத் தொகையின் பின்னால் போகவில்லை, அவ்வளவுதான். கடன் அட்டை பற்றிய அறிவுரைகளிலேயே அதிகப் பலன் தரக்கூடியது இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இன்னொன்று: முழு பாக்கியையும் கட்டாத மாதத்தில், பெரும்பாலான அட்டைகளில், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத அவகாசம் போய்விடும். வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை அந்த அட்டையைத் தொடாமல் இருப்பது நல்லது.

தனிநபர் கடனிலும் வாகனக் கடனிலும் வேறொரு கண்கட்டு இருக்கிறது. '10 சதவீத வட்டி, 3 வருடம்' என்பார்கள். 1,00,000-க்கு வருடம் 10,000 வீதம் 3 வருடத்துக்கு 30,000. மொத்தம் 1,30,000. அதை 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611. சரி, 10 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு லட்சம் 3 வருடமும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் தவணையிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசி மாதத்தில் நீங்கள் வைத்திருக்கும் கடன் சுமார் 3,500தான். வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதையே கணக்கிட்டால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 18 சதவீதம். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இந்த உண்மை விகிதத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1968-ல் வந்த சட்டம் ஒன்று, கடன் கொடுப்பவர் ஆண்டு விகிதத்தை ஒரே முறையில் கணக்கிட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பல நாடுகளில் இப்போது இதே போன்ற விதிகள் உண்டு. கேட்டால் சொல்லியாக வேண்டும், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

'வட்டியே இல்லாத தவணை' என்று விற்கப்படுவதையும் இதே கண்ணோடு பாருங்கள். மாதம் 1,000 வீதம் 12 மாதம் கட்டச் சொல்லும் பொருளை, ரொக்கமாகக் கொடுத்தால் 11,000-க்குத் தருவார்களா என்று விசாரியுங்கள். தருவார்கள் என்றால் விட்டுப்போன அந்த 1,000-தான் வட்டி, விகிதம் 16 சதவீதத்துக்கும் மேல்.

கடன்கள் பல இருந்தால் எதை முதலில் அடைப்பது? அதிக வட்டிக் கடனை முதலில் என்கிறது கணக்கு. சின்னக் கடனை முதலில் அடைத்து ஒரு தலைவலியைக் குறை என்கிறது மனசு. இரண்டு பக்கமும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஓரிரு மாதங்களில் தீர்ந்துவிடும் சில்லறைக் கடன் இருந்தால் அதை முடித்துவிடுங்கள், அந்தத் தவணைப் பணம் அடுத்த கடனுக்கு உதவும். மற்றபடி அதிக வட்டிக் கடன்தான் முதலில். எல்லாக் கடனும் இப்படி அவசரமாக அடைக்க வேண்டியதும் இல்லை. குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்கு எடுத்த வீட்டுக் கடனோ படிப்புக் கடனோ இருந்தால், அது தன் போக்கில் ஓடலாம். அளவுகோல் என்று ஒன்று வேண்டுமானால், வாங்கிய பொருள் பயன்பட்டுத் தீர்வதற்கு முன் கடன் தீருமா என்று பாருங்கள். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இரண்டு வருடத் தவணை என்றால் யோசிக்க வேண்டும். அப்புறம், மற்றவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் கடன் வாங்குவதுதான். அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட முடியுமா, கட்ட மனம் வருமா என்ற இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்றால் மட்டும் போடுங்கள்.

கடனை அடைக்கும் வேகத்தில் கையிருப்பு முழுவதையும் கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. அடுத்த மாதமே பல் வலி வரும், வண்டி நின்றுபோகும், மறுபடியும் அதே அட்டையை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் வரிசையில் முதலிடம், ஒரு மாதச் செலவுக்கான அவசரக் கையிருப்புக்கு. அதற்கு வட்டி வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டவுடன் கைக்கு வர வேண்டும் என்பதே முக்கியம். அது சேர்ந்ததும் அதிக வட்டிக் கடன்கள். அவை தீர்ந்ததும் கையிருப்பை மூன்று முதல் ஆறு மாதச் செலவு அளவுக்கு வளர்க்கலாம். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றாலோ, ஒருவர் சம்பாத்தியத்தில் பலர் வாழும் குடும்பம் என்றாலோ இன்னும் அதிகம் வேண்டும். 'செலவு' என்று சொல்வதைக் கவனியுங்கள், சம்பளம் அல்ல. வேலை போனால் ஈடுகட்ட வேண்டியது செலவைத்தான். உங்களை நம்பி யாராவது இருந்தால் ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இந்தக் கட்டத்திலேயே வர வேண்டும். காப்பீட்டையும் முதலீட்டையும் ஒரே பாலிசியில் கலந்து வாங்கினால் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். தனித்தனியாக வாங்குவது நல்லது.

செலவு போக மிஞ்சியதைச் சேமிப்பேன் என்று நினைத்தால் மிஞ்சாது என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடு என்பதும் பலருக்கு முடிவதில்லை. கைக்கு வந்த பணத்தைக் குறைப்பது வலிக்கிறது. இந்த வலியைச் சுற்றிப்போக ஒரு வழியைப் பொருளாதார ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு ஒன்றும் பிடிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதியை ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் திருப்பிவிடச் சம்மதியுங்கள் என்று ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் கேட்டார்கள். அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு ஏறியது என்று 2004-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்கிறது. கைக்கு வரும் தொகை எந்த மாதமும் முந்தைய மாதத்தைவிடக் குறையவில்லை, ஆகவே இழந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இதைச் செய்ய நிறுவனம் எதுவும் வேண்டாம். வங்கியில் தானாகப் பணம் மாறும் ஏற்பாடு ஒன்றைச் செய்துவைத்து, ஒவ்வொரு சம்பள உயர்விலும் பாதியை அதில் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். மற்றப் பாதியைச் செலவழியுங்கள், உழைத்ததற்கு அதுவும் வேண்டும்தானே.

புதிதாக முதலீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எதில் போட்டால் அதிகம் வரும் என்பது. ஆரம்ப வருடங்களில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. மாதம் 1,000 வீதம் 5 வருடம் போடுகிறீர்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைத்தால் கையில் இருப்பது சுமார் 73,500. எங்கெங்கோ தேடி அலைந்து 10 சதவீதம் கிடைக்கும் இடத்தைப் பிடித்தால் 77,400. வித்தியாசம் நாலாயிரத்துக்குள். தேடுவதை விட்டுவிட்டு, அதே 8 சதவீதத்தில் மாதம் 1,200 ஆகப் போட்டால் 88,000-ஐத் தாண்டும். முதல் சில வருடங்களுக்கு எவ்வளவு போடுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பங்குச் செய்திகளைப் பார்க்கச் செலவிடும் நேரத்தைத் தொழிலில் கூடுதலாக ஒன்றைக் கற்றுக்கொள்ளச் செலவிட்டால் இளம் வயதினருக்கு அதிக லாபம்.

காலம் நீண்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அதே 1,000-ஐ 30 வருடம் போட்டால், போட்ட மொத்தப் பணம் 3,60,000. எட்டு சதவீதத்தில் அது சுமார் 14.9 லட்சம், பத்து சதவீதத்தில் 22.6 லட்சம். ஐந்து வருடத்தில் நாலாயிரமாக இருந்த அதே 2 சதவீத வித்தியாசம் இப்போது ஏழரை லட்சத்துக்கும் மேல். இந்த இடத்தில்தான் கட்டணம் என்ற விஷயம் வருகிறது. சந்தை 10 சதவீதம் தந்து, நிதியை நிர்வகிப்பவர் வருடம் 2 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது 14.9 லட்சம்தான். வருடா வருடம் கண்ணுக்குத் தெரியாமல் கழிந்துகொண்டிருந்தது, முடிவில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோயிருக்கும். அமெரிக்காவில் வான்கார்ட் என்ற நிதி நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகல் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதைத்தான். சந்தையை வெல்ல முயலாமல் சந்தைக் குறியீட்டை (சந்தையின் முக்கியப் பங்குகளின் மொத்தப் போக்கைக் காட்டும் எண்ணை) அப்படியே பின்தொடரும் குறைந்த கட்டண நிதியை அவர் 1976-ல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தபோது, 15 கோடி டாலர் திரட்ட நினைத்த இடத்தில் வந்தது ஒரு கோடியே சொச்சம்தான். கேலி செய்தார்கள். இன்று உலகம் முழுக்கச் சாதாரண முதலீட்டாளர்கள் குறியீட்டு நிதியில் பணம் போடுவதற்கு அடிக்கல் அதுதான். நீங்கள் வைத்திருக்கும் நிதியின் வருடாந்தரக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று உடனே சொல்ல முடியாவிட்டால், அதைத் தேடிப் பார்ப்பதே முதல் வேலை.

கூட்டு வட்டியின் அழகான வரைபடங்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1790-ல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா இரண்டு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதி வைத்திருந்தார். இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும், 100 வருடத்தில் அது 1,31,000 பவுண்டு ஆகும் என்று கணக்கும் போட்டிருந்தார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் கடன் வாங்கியவர்களில் சிலர் திருப்பிக் கட்டவில்லை, சில காலம் கடன் கேட்டு ஆளே வரவில்லை. இரண்டு நகரங்களுமே அந்தத் தொகையை எட்டவில்லை. 200 வருடம் முடிந்தபோது பாஸ்டனில் இருந்தது சுமார் 50 லட்சம் டாலர், பிலடெல்பியாவில் அதில் பாதி அளவு. ஒரே தொகை, ஒரே காலம், ஒரே நிபந்தனை. பார்த்துக்கொண்ட விதம்தான் வேறு.

பணத்தை வெறுமனே பத்திரமாக வைத்திருப்பதும் பத்திரமல்ல. விலைவாசி ஏறும் விகிதத்தால் 72-ஐ வகுத்தால், எத்தனை வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 1494-ல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி குறித்துவைத்த பழைய சூத்திரம் இது. 6 சதவீத விலையேற்றம் என்றால் 12 வருடம். வங்கி வைப்பு 6 சதவீதம் தந்து அதில் வரியும் போனால், எண் வளர்ந்தாலும் அதை வைத்து வாங்கக்கூடியது சுருங்கிக்கொண்டே வரும். நீண்ட காலப் பணத்தில் ஒரு பகுதியாவது பங்குச் சந்தையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அதற்காகச் சந்தை எப்போதும் மீண்டுவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு 1929 செப்டம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி எட்டியது 1954 நவம்பரில். ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில், 34 வருடம் கழித்து. அந்த வருடங்களில் டிவிடெண்ட் (நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம்) வந்தது, வீழ்ச்சியில் மாதாமாதம் வாங்கியவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது, எல்லாம் உண்மை. ஆனால் உச்சத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே நாட்டுப் பங்குகளில் போட்டவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாதியாக விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும். அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம், படிப்புக் கட்டணமோ வீட்டு முன்பணமோ, பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. கடன் வாங்கி முதலீடு செய்யவே கூடாது. பங்கு மீண்டுவரும்வரை நீங்கள் காத்திருக்கலாம், தவணை காத்திருக்காது.

மோசடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1920-ல் பாஸ்டனில் சார்ல்ஸ் போன்சி 45 நாளில் 50 சதவீதம் தருகிறேன் என்றார். அந்த லாபத்தையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு வருடத்தில் 25 மடங்கு. அப்படி ஒரு தொழில் உண்மையிலேயே கையில் இருப்பவர் ஊரார் பணத்தைக் கேட்டு வரமாட்டார், ஒரு சின்ன வங்கிக் கடனே அவருக்குப் போதும். இன்றைக்குச் செயலி வழியாகவும் தெரிந்தவர் வழியாகவும் வரும் திட்டங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு மூன்று மடங்கு. ஆரம்பத்தில் சேர்ந்தவருக்குப் பணம் வந்தது என்பது எதற்கும் சாட்சியாகாது. அப்படிக் கொடுத்துத்தான் அடுத்தவரைச் சேர்க்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் மாதக் கடைசியில் ஏதாவது மிஞ்சுகிறவர்களுக்கு. வருமானம் அத்தியாவசியச் செலவுக்கே போதாதவரிடம் போய்ச் சேமிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவருக்கும் ஒரு வரிசை தேவைப்படுகிறது, ஆனால் அது வேறு வரிசை. வாடகை, சாப்பாடு, மருந்து, வேலைக்குப் போய்வரும் செலவு ஆகியவை முதலில். வீடோ, பிழைப்புக்கான வண்டியோ பறிபோகக்கூடிய கடனின் தவணை அடுத்து. அட்டையும் தனிநபர் கடனும் அதற்குப் பிறகு, எவ்வளவு சத்தமாகக் கடன் வசூலிப்பவர்கள் கூப்பிட்டாலும். தவணையைக் கட்ட உடனடிக் கடன் செயலிகளில் வாங்குவதுதான் பலரை மீள முடியாத இடத்துக்குத் தள்ளுகிறது, அந்தக் கதவை மட்டும் திறக்கவே வேண்டாம். தவணை தவறிய பிறகு பேசுவதைவிட, தவறப்போகிறது என்று தெரிந்தவுடனே கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசினால் கிடைக்கும் சலுகை அதிகம். காலத்தை நீட்டித் தருகிறோம் என்பார்கள். 18 சதவீதத்தில் 1,00,000 கடனை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டினால் தவணை 3,615-லிருந்து 2,539 ஆகக் குறையும், மொத்த வட்டி சுமார் 30,000-லிருந்து 52,000 ஆகும். மூச்சுவிட அது தேவை என்றால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் அபராதம் இல்லாமல் முன்கூட்டி அடைக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பேசி முடித்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய தவணை எவ்வளவு, எத்தனை தவணை, மொத்தமாகக் கட்டப்போவது எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.